ஆலோசகர் தேர்வும் அறிவின் பணியும்

மக்கின்சி முதலிய முகாமை ஆலோசனை நிறுவனங்கள் பட்டதாரிகளைத் தெரிவு செய்யும் நேர்முகத் தேர்வில் ஒரு வணிகச் சிக்கல் முன்வைக்கப்படுகிறது. ஒரு நிறுவனத்தின் இலாபம் ஏன் வீழ்ந்தது? மனனத்தையன்றித் தருக்கச் சிந்தனையையே இத்தேர்வு அளவிடுகிறது என்பர் இதன் ஆதரவாளர். ஆயின், இலாபத்தை வருமானம், செலவு எனக் கிளை கிளையாகப் பிரிக்கும் வாய்பாடுகளைப் புகட்டும் கைநூல்களும் கட்டணப் பயிற்சிகளும் மலிந்தபின், தருக்கமும் மனனமாகிவிட்டது. அப்பயிற்சிக்குரிய பணமும் ஓய்வும் உடையோனே முந்துகிறான்.

இதனினும் பெருங்குறை வேறொன்றுண்டு. விடையை ஆராயப் பழகும் மாணவன் வினாவை ஆராயப் பழகுவதில்லை. விற்பனையை எவ்வாறு பெருக்கலாம் என்பதே பெரும்பாலும் அவனிடம் கேட்கப்படுகிறது. எதனை, எவருக்கு, எவரது இழப்பில் விற்பது என்பதன்று. இதன் விளைவு யாது? மாந்தரை அடிமைப்படுத்தவல்ல வலிநிவாரணியாகிய ஒக்சிகொன்ரினின் விற்பனையைப் பெருக்கும் வழிகளைப் பேர்டியூ நிறுவனத்துக்கு மக்கின்சி வகுத்துக் கொடுத்தது. அது தொடர்பான அமெரிக்க நீதித் திணைக்கள விசாரணையைத் தீர்க்க, 2024இல் 650 மில்லியன் டொலர் செலுத்த உடன்பட்டது. அங்குத் தவறியது கணக்கன்று, வினாவே தவறானது. வினாவையே வினாவும் துணிவைப் பல்கலைக்கழகம் ஊட்டாவிடின், வேறெந்த நிறுவனம் ஊட்டும்?