20 ரூபாய் கோளாறுக்கு 5 வருஷம் இஎம்ஐயா?

அப்பாவோட பழைய பிக்கப்புல, தக்காளி லோடோட ராத்திரி ஹைவேல போறப்போ ரெண்டு ஹெட்லைட்டும் ஒண்ணா அணைஞ்சு போச்சு. ரெண்டு செகண்டுல தானா வந்துடுச்சு. அந்த ரெண்டு செகண்டை அவர் இன்னும் மறக்கல.

மெக்கானிக் பல்பை மாத்தினார், அப்புறம் சுவிட்சை மாத்தினார். பில் 2,400 ரூபாய். கோளாறு அப்படியே இருந்தது. "வித்துட்டு புதுசு எடுங்கப்பா, நான் லோன் போடறேன்"னு நானும் கிளம்பிட்டேன்.

என் கருத்து இதுதான் நண்பர்களே: விட்டு விட்டு வர்ற கோளாறுக்கு யூகத்துல செலவு பண்ணாதீங்க, முதல்ல அளந்து பாருங்க.

ஒரு பக்கம் மட்டும் போனா பல்பு அல்லது அந்தப் பக்கத்து கனெக்டரைப் பாருங்க. ரெண்டும் சேர்ந்து போனா ரெண்டுக்கும் பொதுவான இடம்தான்: சுவிட்ச், ரிலே, எர்த். லைட்டைப் போட்டுட்டு, மல்டிமீட்டரோட ஒரு முனையை பேட்டரி நெகட்டிவ்லயும் இன்னொன்னை ஹெட்லைட்டோட எர்த் ஒயர்லயும் வெச்சு, ஒயரை லேசா அசைங்க. அரை வோல்ட்டுக்கு மேல காட்டினா எர்த்தை சந்தேகப்படலாம். எங்களுக்கு லைட் அணைஞ்ச நொடியில 11 வோல்ட் காட்டுச்சு!

எர்த் போல்ட்ல துரு. சாண்ட்பேப்பர் 20 ரூபாய், மீட்டர் 400. தேய்ச்சு இறுக்கினதோட முடிஞ்சது.

ஒரே ஒரு விஷயத்துல கஞ்சத்தனம் வேண்டாம். "தானா வந்துடுச்சே"ன்னு விடாதீங்க. சரியாகற வரைக்கும் ராத்திரி வண்டியை எடுக்காதீங்க. ஒரு ட்ரிப் வாடகை போனா சம்பாதிச்சுக்கலாம்.