தொலைகாட்டிக்கு ஏற்ற பார்வைத்துண்டு எது?

எமது கல்லூரியின் விழாவினை முன்னிட்டுப் பழைய மாணவர்கள் 6 அங்குலத் தெறிப்புத் தொலைகாட்டி ஒன்றினை அன்பளிப்பாக நல்க முன்வந்துள்ளமை பெரிதும் போற்றற்குரியது. அதன் ஆடி 150 மில்லிமீற்றர் அகலமும் 1200 மில்லிமீற்றர் குவியத்தூரமும் உடையது. கையாலே திருப்பும் எளிய தாங்கியில் அமைவது. ஆயின் அதனோடு எத்தகைய பார்வைத்துண்டுகளை வாங்குதல் வேண்டும் என்பதில் அன்பர்களிடையே இரு கருத்துக்கள் நிலவுகின்றன. 300 மடங்கு பெருக்கும் துண்டு உட்படப் பலவற்றை ஒரே பெட்டியாக வாங்கலாம் என்பர் ஒரு சாரார். சிலவே போதும், அவை நல்லனவாக இருத்தல் வேண்டும் என்பர் மறுசாரார். யாம் பின்னையோர் பக்கம் நிற்கின்றோம்.

ஆடியும் வில்லையும் பற்றித் தமிழாசிரியர் பேசுவதோ எனச் சிலர் வினவக்கூடும். கார்த்திகை, உரோகிணி, அருந்ததி எனப் பாடஞ் சொல்லுவோர் யாமே. அவற்றைக் கண்ணாரக் கண்ட மாணாக்கரோ வகுப்பில் மிகச் சிலர். ஆதலின் இக்கருவியில் எமக்கும் ஒரு பங்கு உண்டு.

பார்வைத்துண்டு என்பது, ஆடி அமைத்த விம்பத்தைக் கண்ணுக்குப் பெருக்கிக் காட்டும் சிறு வில்லைத் தொகுதி. ஆடியின் குவியத்தூரத்தைத் துண்டின் குவியத்தூரத்தால் வகுக்க வருவதே பெருக்கம். எனவே எமது கருவியில் 32 மி.மீ. துண்டு 37.5 மடங்கும், 12 மி.மீ. துண்டு 100 மடங்கும், 4 மி.மீ. துண்டு 300 மடங்கும் பெருக்கும். எண் கூடுந்தோறும் நன்மையும் கூடும் என எண்ணுதல் இயல்பே. ஆனால் பெருக்கம் கூடுந்தோறும் காணும் வானப்பரப்புச் சுருங்குகின்றது, விம்பமும் மங்குகின்றது.

இதற்கு நம்மவர் நன்கறிந்த சான்று ஒன்று கூறுவோம். மணவறையில் அம்மி மிதித்து அருந்ததி காட்டும் வழக்கம் யாவரும் அறிந்ததே. சித்திரை, வைகாசி மாதங்களின் முன்னிரவில் வடவானை நோக்கின், எழுமுனிவர் கூட்டத்தின் வாற்புறத்தில் வசிட்டரும் அவர் அருகே மங்கலாய் அருந்ததியும் தோன்றுவர். இருவருக்கும் இடைத்தூரம் ஏறத்தாழ 12 கலை. சாதாரண 32 மி.மீ. துண்டு ஏறத்தாழ 80 கலை அகலமான வானத்தைக் காட்டும். அதில் இருவரும் ஒருங்கே தோன்றுவர். அன்றியும், வெறுங்கண்ணுக்கு ஒன்றாகத் தோன்றும் வசிட்டரே இரு மீன்களாகப் பிரிந்து நிற்கும் அழகும் புலப்படும். அவ்வகையைச் சேர்ந்த 4 மி.மீ. துண்டு காட்டுவதோ 10 கலை மட்டுமே. வசிட்டரை நடுவில் வைத்தால் அருந்ததி வெளியே நிற்க வேண்டியதுதான்! தம்பதியரைப் பிரிக்கும் கண்ணாடிக்கு முதலிடம் கொடுத்தல் தகுமோ?

இனி, காலக் கணக்கையும் பார்ப்போம். புவி சுழல்வதால் வானம் மணிக்கு 15 பாகை நகர்கின்றது. வான நடுக்கோட்டருகே உள்ள ஒரு மீன் 300 மடங்குப் பெருக்கத்தில் 40 செக்கனில் எல்லையைக் கடந்து மறையும். 37.5 மடங்கிலோ அது ஐந்து நிமிடத்துக்கு மேலாக நிற்கும். முற்றத்தில் 60 மாணாக்கர் வரிசையாகக் காத்து நிற்க, ஒவ்வொருவருக்கும் கருவியை மீண்டும் மீண்டும் திருப்பிக் கொண்டிருந்தால் ஆசிரியருக்கும் பொறுமை போகும். இரவும் கழிந்து போகும்.

முன்னர் யாம் கற்பித்த ஒரு பாடசாலையில் நிகழ்ந்ததை இங்கு சொல்லாதிருக்க முடியவில்லை. மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவன் ஒருவன் சனியைப் பார்க்கக் குனிந்தான். மிகச் சிறிய துண்டு ஆதலின் கண்ணை வில்லையோடு ஒட்டி வைத்தாலன்றி எதுவும் தெரியாது. அவன் கண்ணாடியோ இடையே தடுத்தது. "தெரிகிறதா?" என்றோம். "தெரிகிறது ஐயா" என்று கூறி விலகினான். அவன் ஒன்றுமே காணவில்லை என்பதைச் சில நாள் கழித்தே அறிந்தோம். பின்னால் நின்றோரைக் காக்க வைக்க நாணி அவ்வாறு கூறினானாம். அந்த நாணத்துக்குக் காரணம் அவனல்லன். துண்டைத் தெரிந்தெடுத்த யாமே. மூக்குக்கண்ணாடி அணிவோர்க்குக் கண்ணுக்கும் வில்லைக்கும் இடையே 15 முதல் 20 மி.மீ. வரை இடைவெளி வேண்டும்.

கலிலேயோ 1610 ஆம் ஆண்டில் வியாழனின் நான்கு துணைக்கோள்களைக் கண்டது ஏறத்தாழ 20 மடங்குப் பெருக்கத்தினாலேயே. 150 மி.மீ. ஆடிக்கு 300 மடங்கு என்பது மேலெல்லை. காற்று அசையாது தெளிந்த அரிய இரவுகளிலன்றி அது பயன்படாது.

ஆகவே எமது பரிந்துரை இது. 32 மி.மீ. துண்டு ஒன்று, கண்ணிடைவெளி மிகுந்த 12 மி.மீ. துண்டு ஒன்று, பெருக்கத்தை இரட்டிக்கும் பார்லோ வில்லை ஒன்று. இம்மூன்றினாலும் 37.5, 75, 100, 200 என நான்கு பெருக்கங்கள் கிட்டும். திங்களின் குழிகள், சனியின் வளையம், கார்த்திகையின் அறுமீன் அனைத்துக்கும் இவை போதும்.

பெட்டியோடு வரும் ஒரு பொருளை மட்டும் முற்றாக விலக்குக. அது பார்வைத்துண்டிற் பொருத்தும் சூரிய வடிகட்டி. குவிந்த வெப்பத்தால் அது வெடிக்கலாம். வெடித்த கணமே கண் போகும். 2010 சனவரி 15 இலும் 2019 திசெம்பர் 26 இலும் கங்கண சூரிய கிரகணம் யாழ்ப்பாண வானிலே தோன்றியது. கதிரவனைக் காண விழையும் மாணாக்கர் இனியும் இருப்பர். அவர்களுக்குத் தொலைகாட்டியின் முன்வாயை முழுதும் மூடும் தகுந்த வடிகட்டியே வேண்டும்.

மீதமாகும் பணத்தில் காற்றுப்புகாப் பெட்டியும் ஈரமுறிஞ்சும் சிலிக்காக் குறுணியும் வாங்குக. எமது கடற்காற்றில் வில்லை பூஞ்சணம் பிடிக்க நெடுநாள் செல்லாது.

வானூலில் இம்மண் பின்தங்கியதன்று. நம்மவர் வானநூலை ஆங்கில மொழிபெயர்ப்போடு ஒய்சிங்டன் பாதிரியார் 1848 இல் யாழ்ப்பாணத்திலே அச்சிட்டார். காரைநகர் அலன் ஏபிரகாம் இங்கிலாந்தின் அரச வானியற் கழகத்தில் அங்கத்துவம் பெற்றார். அவ்வழியில் வருவோர் எமது முற்றத்து வரிசையிலும் நிற்கக்கூடும். அவர்களுள் ஒருவரேனும் காணாததைக் கண்டதாகக் கூறி விலகாதபடி செய்தலே, கொடுப்போர்க்கும் கற்பிப்போர்க்கும் கடன்.