எலிக்குச் சரியாச்சு, சித்திக்கு?

போன வாரம் சித்தி ஒரு வாட்ஸப் செய்தி அனுப்பியிருந்தாங்க. "திரும்ப வரும் மார்பகப் புற்றுநோய்க்கு ஒரே ஊசி!" கூடவே, "இது வர்ற வரைக்கும் கீமோவைத் தள்ளிப் போடலாமாடா?"

பகீர்னு ஆயிடுச்சு. சித்திக்கு அஞ்சு வருஷம் கழிச்சு, ஆபரேஷன் செஞ்ச இடத்துலயே கட்டி திரும்ப வந்திருக்கு.

நான் பொட்டி தட்டறவன். மருத்துவத்துக்கும் எனக்கும் ஸ்நானப்பிராப்தி கிடையாது. ஆனாலும் உட்கார்ந்து படிச்சேன்.

யோசனை அருமைங்க. டாக்ஸோரூபிசின் மாதிரி மருந்து ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கச் சுத்தும். இதயத்தையும் பதம் பார்க்கும். அதனால வாழ்நாள் மொத்தத்துக்கே உச்சவரம்பு உண்டு: உடல் பரப்பில் சதுர மீட்டருக்குச் சுமார் 450 முதல் 550 மில்லிகிராம். முதல் தடவையே நிறைய ஏத்திக்கிட்டவங்களுக்கு, நோய் திரும்பும்போது கையிருப்பு கொஞ்சம்தான்.

இந்த ஜெல்லை ஊசியில திரவமா ஏத்தலாம். 37 டிகிரி உடம்புச் சூட்டுல கெட்டியாகி அங்கேயே உட்கார்ந்துக்கும். ரத்தத்தோட பிஹெச் 7.4, கட்டியைச் சுத்தி பெரும்பாலும் 7-க்குக் கீழ. அந்த அமிலம் பட்டாத்தான் மருந்தை அதிகமா விடும். நம்ம 'இஃப்' கண்டிஷன் மாதிரியேதான்!

ஆனா லேப்ல ஓடின கோட் கிளையண்ட்கிட்ட படுத்துக்கறது நமக்குத் தெரியாததா? தெர்மோடாக்ஸ்னு ஒண்ணு. ஜெல் இல்லை, சூடு பட்டா திறக்கற கொழுப்பு உறைக்குள்ள டாக்ஸோரூபிசின். நெஞ்சுச் சுவர்ல திரும்பி வந்த மார்பகப் புற்றுநோய்க்குச் சோதிச்சப்போ சிலருக்குக் கட்டி சுருங்கிச்சு. ஆனா கல்லீரல் புற்றுநோய்க்கான பெரிய சோதனைகள்ல, 2013லயும் 2020லயும், எதிர்பார்த்த பலன் வரலை. இன்னொண்ணு, நோய் எலும்புக்கோ நுரையீரலுக்கோ பரவியிருந்தா, மார்புல போட்ட ஜெல்லை மட்டும் நம்பி இருக்க முடியாது.

ஆராய்ச்சி மேல எனக்குக் கோபமில்லை. இன்னும் நடக்கணும். கோபமெல்லாம் அந்தத் தலைப்பு மேலதான். மூலக்கட்டுரையைத் தேடிப் பார்த்தா, சோதனை நடந்தது எலிகள்ல. செய்தியில அந்த வார்த்தையே இல்லை! எழுதினவருக்கு அது ஒரு வார்த்தை. சித்திக்கு ஒரு கீமோ.

போன் பண்ணிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம், "சரிடா, செவ்வாக்கிழமை போயிட்டு வந்துடறேன்" அப்படின்னாங்க.

அறிவியல் எழுதற மக்களே, எலின்னா தலைப்புலயே எலின்னு போடுங்க. புண்ணியமாப் போகும்.