காசு வாங்க தெருவெல்லாம் அட்டை! புகார் வாங்க ஓர் ஆள் இல்லையா?

தெருவுக்குத் தெரு இப்போது ஒரு சதுர அட்டை. இளநீர் வண்டியில் தொங்குகிறது. பூக்காரம்மாவின் கூடையில் செருகி இருக்கிறது. செருப்பு தைப்பவரின் பெட்டியிலும் ஒட்டி இருக்கிறது. செல்போனை எடுத்து அட்டைக்கு நேரே காட்டி, ரகசிய எண்ணைத் தட்டினால் காசு போய்ச் சேருகிறது. "பத்து ரூபாய் பெறப்பட்டது" என்று கடையில் இருக்கும் சின்னப் பெட்டி தமிழில் கூவுகிறது.

2016 ஏப்ரலில் தொடங்கியது இந்த யு.பி.ஐ. முறை. அதே வருஷம் நவம்பர் 8-ந்தேதி 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். கையில் காசு இல்லாமல் ஜனங்கள் தவித்த தவிப்பில் இது மெல்ல வேர் பிடித்தது. 2023 ஆகஸ்டு மாதம் நாடு முழுவதும் 1,000 கோடி தடவைக்கு மேல் இதில் பணம் கைமாறியது. 2025 ஆகஸ்டில் அது 2,000 கோடி தடவையைத் தாண்டி விட்டது. ஒரே மாதத்துக் கணக்கு இது!

நல்லதை நல்லது என்று சொல்லத்தான் வேண்டும். பஸ்சில் சில்லறைக்காக நடந்த சண்டை கொஞ்சமா? "சில்லறை இல்லாட்டி இறங்கு" என்பார் கண்டக்டர். டிக்கெட்டின் பின்னால் மீதியை எழுதிக் கொடுப்பார். இறங்கும் அவசரத்தில் நாம் அதை மறந்து விடுவோம். மளிகைக் கடையில் ஒரு ரூபாய்க்குப் பதில் மிட்டாய் கொடுப்பார்கள். அந்தத் தொல்லை எல்லாம் பெரிதும் ஒழிந்தது. கல்லாவில் கள்ள நோட்டு விழுமோ என்ற பயமும் கடைக்காரருக்குக் குறைந்தது.

எல்லாம் சரி. ஒரு நாள் காசு நடுவழியில் நின்று போனால்?

போன காசு எங்கே?

வாடிக்கையாளரின் கணக்கில் பணம் கழிந்து விடுகிறது. கடைக்காரரின் பெட்டி வாய் திறக்கவில்லை. "போயிடுச்சுண்ணே, பாருங்க" என்கிறார் ஒருவர். "எனக்கு வரலையே தம்பி" என்கிறார் மற்றவர். இருவருமே பொய் சொல்லவில்லை. ஒரு பாங்கி பணத்தைக் கழித்து விட்டது. மறு பாங்கியிடம் இருந்து பதில் வரவில்லை. அவ்வளவுதான் விஷயம். ஆனால் பின்னால் நிற்கும் நாலு பேர் முன்னிலையில் வாடிக்கையாளருக்குத் திருட்டுப் பட்டம்!

போன மாதம் இந்த நிருபருக்கும் இதே கதிதான். மளிகைக் கடையில் 340 ரூபாய். கணக்கில் கழிந்தது, கடைக்கு வரவில்லை. கைக்காசைக் கொடுத்து விட்டு மறுநாள் பாங்கிக் கிளைக்குப் போனால், "ஆப்ல புகார் போட்டுடுங்க சார்" என்றார்கள். ஆப்பில் எழுதினால் இயந்திரம் பதில் சொல்கிறது. டெலிபோன் போட்டால் "ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும்" என்கிறது. நாலாம் நாள் பணம் தானாகத் திரும்பி வந்தது. ஏன் போனது, எப்படி வந்தது என்று சொல்ல ஓர் ஆள் இல்லை!

மாதச் சம்பளக்காரருக்கு 340 ரூபாய் நாலு நாள் முடங்கினால் எரிச்சல். அன்றாடக் கூலிக்குப் போகும் அம்மாவுக்கோ அது வீட்டில் உலை வைக்கிற காசு. அவர் எந்த எண்ணை அழுத்துவார்?

2025 மார்ச் 26-ந்தேதியும் ஏப்ரல் 12-ந்தேதியும் நாடு முழுக்க இந்த முறையே கொஞ்ச நேரம் படுத்து விட்டது. சாப்பிட்டு முடித்து பில்லுக்கு முன்னால் நின்றவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர்

இந்தக் குழப்பத்தில் குளிர் காய்கிறது மோசடிக் கும்பல். 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசம் கஜுராஹோவில் நடந்தது என்ன? ராத்திரியோடு ராத்திரியாக ஆசாமிகள் வந்து, கடைகளில் இருந்த அட்டைகளின் மேல் தங்கள் அட்டையை ஒட்டி விட்டுக் கம்பி நீட்டினார்கள். மறுநாள் வியாபாரப் பணம் அவர்கள் கணக்குக்குப் போனது. காமிராவில் சிக்கியதால் குட்டு வெளிப்பட்டது.

இன்னொரு நூதன மோசடி: பணம் போனது போலவே காட்டும் போலி ஆப். பச்சை டிக் விழும், தொகை தெரியும். கடைக்காரர் எட்டிப் பார்த்துத் தலையாட்டுவார். சரக்கு அபேஸ்! கூட்ட நேரத்தில் யார் கணக்கைத் திறந்து பார்க்கிறார்கள்?

சட்டம் இருக்கிறது, சொல்ல ஆளில்லை

2019 செப்டம்பரில் ரிசர்வ் பாங்கி ஓர் உத்தரவு போட்டது. ஆளுக்கு ஆள் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். கடைக்குக் கொடுத்த பணம் என்றால் ஐந்து நாளுக்குள். அதைத் தாண்டினால் நாள் ஒன்றுக்கு 100 ரூபாய் வீதம் பாங்கி நஷ்டஈடு கொடுக்க வேண்டும். வாடிக்கையாளர் புகார் கொடுக்கும் வரை காத்திராமல், பாங்கியே கணக்கில் போட வேண்டும்.

இது எத்தனை பேருக்குத் தெரியும்? கடன் வாங்கச் சொல்லி ஆள் உயரத்துக்கு விளம்பரம் வைக்கும் பாங்கிகள், இந்த நாலு வரியை ஓர் அட்டையில் எழுதி மாட்டக் கூடாதா?

மனம் வைத்தால் முடியாதது இல்லை. "பணம் தருகிறோம், ஓகே அழுத்துங்கள்" என்று சொல்லி, பணம் கேட்கும் கோரிக்கையை அனுப்பி ஏமாற்றியது ஒரு கும்பல். தனி ஆள் தனி ஆளிடம் அப்படிக் கேட்கும் வசதியையே 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்தி விட்டார்கள். ஒரு கதவை அடைத்தவர்கள், புகாருக்கு ஒரு ஜன்னலையாவது திறக்கட்டுமே!

நாம் கேட்பது

பாங்கிக் கிளை ஒவ்வொன்றிலும் இதற்கென்று ஒரு மேஜை, ஓர் ஆள் வேண்டும். புகாரைத் தமிழில் வாங்கி, தேதி போட்டுச் சீட்டு கொடுக்க வேண்டும். 100 ரூபாய் நஷ்டஈடு விவரத்தைக் கிளை வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும். பெட்டிக்கு மாத வாடகை வசூலிக்கும் கம்பெனிகள், பெட்டி பழுதானால் வந்து பார்க்கும் ஆளின் டெலிபோன் நம்பரை அதன் மேலேயே அச்சடிக்க வேண்டும். பணம் பறிபோனது என்று போலீஸ் நிலையத்துக்கு வருபவரை "ஆன்லைன்ல போடுங்க" என்று திருப்பி அனுப்பாமல், அங்கேயே பதிவு செய்து கொடுக்க வேண்டும்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை: காலையில் கடை திறந்ததும் அட்டையைத் தடவிப் பாருங்கள். ஒரு ரூபாய் அனுப்பிப் பாருங்கள். அடுத்தவர் செல்போனைப் பார்த்துச் சரக்கைக் கொடுக்காதீர்கள். உங்கள் பெட்டியோ, உங்கள் கணக்கோ சொல்லட்டும்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை: காட்டியதும் கடைக்காரர் பெயர் திரையில் வரும். அதை ஒரு தடவை படித்து விட்டு எண்ணைத் தட்டுங்கள். பணம் வாங்குவதற்கு ரகசிய எண் தேவையே இல்லை. கேட்டால், கேட்பவன் மோசடிக்காரன். பணம் நின்று போனால் திரையில் தெரியும் 12 இலக்க எண்ணைக் குறித்துக் கொள்ளுங்கள்; புகாருக்கு அதுதான் சாட்சி. ஏமாந்தது தெரிந்தால் உடனே 1930-க்கு டெலிபோன் போடுங்கள். திருடன் எடுப்பதற்குள் சொன்னால்தான் பணத்தை முடக்க முடியும். பாங்கி 30 நாளாகியும் வாய் திறக்காவிட்டால் ரிசர்வ் பாங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448. சட்டைப் பையில் ஒரு நூறு ரூபாய் நோட்டும் இருக்கட்டும்.

கண்டக்டர் மீதி தராவிட்டால் அவரிடம் சண்டை போட்டோம். கடைக்காரர் தராவிட்டால் கடை வாசலில் நின்று கேட்டோம். இன்றைக்கு மீதியைப் பிடித்து வைத்திருப்பவர் யார் என்றே தெரியவில்லை. தெருமுனை வரை வந்து காசு வாங்கத் தெரிந்தவர்கள், புகார் வாங்கவும் தெருமுனைக்கு வரட்டும்! ரிசர்வ் பாங்கி அதிகாரிகள் கவனிப்பார்களா?