துணித்திரையும் நம் கைகளும்

பழைய பொருள் ஒன்று பழுதுபட்டால் என்ன செய்வது? தூக்கி எறியலாம் என்பார் சிலர். துடைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்து அழகு பார்க்கலாம் என்பார் வேறு சிலர். மூன்றாவது வழி ஒன்றும் உண்டு. பழுதான உறுப்பைப் புதிதாகச் செய்து பொருத்தி, அந்தப் பொருளை மீண்டும் உழைக்க வைப்பதே அது. பழைய பிலிம் காமிராவின் துணி ஷட்டரை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அம்மூன்றாவது வழியே சிறந்தது என்று கூற விழைகிறோம். அதற்கு வேண்டிய திறமை, தையல் வகுப்பில் பயிலும் நம் கைகளிலேயே இருக்கிறது என்பதும் எங்கள் கருத்து.

காமிராவுக்குள் துணியா என்று வியக்க வேண்டாம். ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் ஆஸ்கர் பர்னாக் என்பவர் உருவாக்கிய லைக்கா காமிரா, 1925-இல் லைப்சிக் நகரச் சந்தையில் அறிமுகமாயிற்று. கையடக்கமான அக்காமிராவில், பிலிமுக்கு முன்னால் ரப்பர் பூசிய மெல்லிய கறுப்புத் துணியால் ஆன இரு திரைகள் இருந்தன. பொத்தானை அழுத்தியதும் முதல் திரை ஓடி ஒளிக்கு வழி விடுகிறது. இரண்டாம் திரை அதன் பின்னே ஓடி வழியை மூடுகிறது. ஒரு நொடியில் 500-இல் ஒரு பங்கு நேரமே ஒளி விழ வேண்டுமானால், திரைகள் அத்தனை வேகமாக ஓடுவதில்லை. தமக்கிடையே சில மில்லிமீட்டர் இடுக்கு மட்டும் விட்டு அவை சேர்ந்தே செல்கின்றன. 36 மில்லிமீட்டர் அகலமுள்ள படத்தின்மேல் அந்த இடுக்கு நகர்ந்து செல்ல, ஒவ்வோர் இடமும் அந்தச் சிறு பொழுதே ஒளி பெறுகிறது. எவ்வளவு எளிய, எவ்வளவு நுட்பமான ஏற்பாடு!

இத்தகைய காமிராவைச் செய்தவர்களுள் நம் வயதுப் பிள்ளைகளும் உண்டு. போரினாலும் பஞ்சத்தினாலும் வீடிழந்து தெருவில் அலைந்த சிறுவர் சிறுமியருக்காக, உக்ரைனின் கார்க்கிவ் நகரில் 1927-இல் ஓர் இல்லம் தொடங்கப்பெற்றது. அந்தோன் மகரென்கோ என்னும் ஆசிரியர் அதை நடத்தினார். அங்கே பிள்ளைகள் பள்ளியிலும் படித்தார்கள், தொழிற்கூடத்திலும் உழைத்தார்கள். லைக்காவைப் பார்த்து அதைப் போலவே அமைத்த 'ஃபெட்' என்னும் காமிரா, 1934 முதல் அங்கே பெருமளவில் செய்யப்பட்டது. யாருக்கும் வேண்டாதவர் என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளின் கைகள், மில்லிமீட்டரின் சிறு பகுதியும் பிசகக் கூடாத வேலையைக் கற்றுக்கொண்டன. அவர்கள் ஒரு காமிராவையே செய்தார்கள் என்றால், அதன் துணியை மாற்ற நம்மால் இயலாதா?

காமிராவின் உலோகம் நெடுங்காலம் உழைக்கும். துணியோ ஆண்டுகள் செல்லச் செல்ல ரப்பர் காய்ந்து விறைத்து, வெடிப்பு விடுகிறது. லென்ஸை மூடாமல் வெயிலை நோக்கி வைத்தாலும் ஆபத்துதான். பூதக்கண்ணாடி காகிதத்தைப் பொசுக்குவது போல, லென்ஸ் வெயிலைக் குவித்துத் திரையில் ஓட்டை போட்டுவிடும். லென்ஸைக் கழற்றி, இருட்டறையில் திரையின் பின்னால் விளக்கை வைத்துப் பார்த்தால், அவ்வோட்டைகள் விண்மீன்களாய்த் தெரியும். படத்தில் அவையே வெள்ளைப் புள்ளிகள்.

இங்கேதான் சோதனை. ஓட்டைகளின் மேல் கறுப்புச் சாயத்தைப் பூசிவிட்டால் வேலை முடிந்தது போலத் தோன்றும். ஆனால் சாயம் கனத்தால் துணி விறைக்கும். திரை தடுமாறி ஓடும். படத்தின் ஒரு பக்கம் வெளுத்து மறுபக்கம் இருளும். ஒன்றிரண்டு ஓட்டைகளுக்கு அது தற்காலிக உதவியாகலாம். மட்கிய துணிக்கு மருந்தாகாது. தையல் விட்டுப்போன பாவாடைக்கு ஊக்கு குத்திக்கொள்வது எத்தனை நாளைக்கு?

முறையான வேலை எப்படி நடக்கிறது? முதலில் சுருள்வில்லின் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். பழைய துணி எங்கே ஒட்டப்பட்டிருந்தது என்பதைக் குறித்துக்கொண்டு, அதைக் கிழியாமல் எடுக்க வேண்டும். அத்துணியே நமக்குப் பேப்பர் கட்டிங். அதை வைத்து வரைந்து, இழை கோணாமல் புதுத் துணியை வெட்ட வேண்டும். காய்ந்தபின் விறைக்காத பசையை மெல்லியதாகத் தடவ வேண்டும். மேலும் கீழும் திரையை இழுக்கும் இரு நாடாக்களும் ஒரே அளவாய் இருத்தல் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வேறுபட்டாலும் இடுக்கு சாய்ந்துவிடும். ஒரு நாள் முழுதும் காயவிட்ட பிறகே வில்லை மெல்ல முறுக்கி ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். அளவெடுத்தல், வெட்டுதல், நேராகப் பொருத்துதல், பொறுத்திருத்தல் — இவற்றுள் எது தையல் வகுப்பில் நாம் கல்லாதது?

கைபேசியில் நொடியில் படம் எடுக்கும் இக்காலத்தில் இது வீண் வேலை என்று சிலர் கூறலாம். விரைவு ஒன்றே நோக்கமானால் அவர்கள் கூற்று சரியே. ஆனால் ஒரு பொருளின் உள்ளே என்ன நடக்கிறது என்று அறிந்து, அதைச் சீர்செய்யக் கற்றவள், எந்தப் பொருளின் முன்னும் திகைத்து நிற்கமாட்டாள். கிடைத்தற்கரிய பழங்காமிராவை உள்ளபடியே காப்பதுதான் முறை என்பாரும் உளர். அதையும் ஏற்கிறோம். அத்தகையவற்றில் நாம் கை வைக்க வேண்டாம். பெருந்தொகையாகச் செய்யப்பட்ட சாதாரணக் காமிராவில் கற்றுக்கொள்வோம். முதல் திரை கோணலாகலாம். கோணலானதைப் பிரித்து மீண்டும் ஒட்டுவதும் கல்விதானே?

ஊசி நூல் பெண்களுக்கு, இயந்திரம் ஆண்களுக்கு என்று யாரோ கோடு கிழித்து வைத்தார்கள். காமிராவுக்குள் மறைந்திருக்கும் இரு துண்டுத் துணிகள் அக்கோட்டை அழித்துவிடுகின்றன. ஆதலால் தையல் வகுப்பில் பழுது பார்க்கும் பயிற்சிக்கும் சிறிது நேரம் ஒதுக்குமாறு அன்னையரையும் ஆசிரியைகளையும் பணிவுடன் வேண்டுகிறோம். பெற்றோர்களே, வீட்டில் பழுதான பொருளை எறியுமுன் ஒரு முறை உங்கள் மகளிடம் கொடுத்துப் பாருங்கள்.

புதுத் துணி போட்ட திரையை யாரும் காணப்போவதில்லை. அது இருட்டிலேயே ஓடும். ஆயினும் அது நேராக ஓடினால்தான் படம் தெளியும். கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் வேலையைச் செம்மையாகச் செய்யப் பழகுவோம், தோழியரே!