கால் பிரெட்டுக்குள் குழம்பு



நைட் டியூட்டி முடித்து வந்து, தூங்கப் போகுமுன் இதை எழுதுகிறேன். என்னோடு வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ் தோழிகளுடன் போன மாதம் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்குப் போயிருந்தேன். ஒருத்தி கேரளா, ஒருத்தி பிலிப்பைன்ஸ். மூன்று பேருக்கும் ஒரே வாரத்தில் லீவு கிடைப்பது எவ்வளவு அபூர்வம் என்று நம் சபையில் ஆஸ்பத்திரி வேலை செய்கிற யாரையும் கேட்டுப் பாருங்கள்!

விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட்டில் மலை மலையாகக் குவித்த மிளகாய்ப் பொடியைப் பார்த்துத் தும்மிக்கொண்டே வெளியே வந்தோம். நல்ல பசி. பக்கத்தில் ஒரு சின்னக் கறிக் கடை. ஐந்து மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, சுவரில் ஒரு பலகை. அதில் மட்டன், சிக்கன், பீன்ஸ் என்று எழுதி, எதிரே கால், அரை, முழுசு என்று விலை போட்டிருந்தது. எதில் கால்? பிரெட்டில் கால்!

இதற்குப் பெயர் பன்னி சௌ. வெட்டாத வெள்ளை பிரெட்டில் கால் பங்கை நறுக்கி, நடுவில் குடைந்து, அந்தக் குழிக்குள் சுடச்சுடக் குழம்பை ஊற்றித் தருகிறார்கள். குடைந்தெடுத்த துண்டு மேலே மூடி மாதிரி உட்கார்ந்திருக்கும். பக்கத்தில் துருவிய கேரட், வெங்காயம், பச்சை மிளகாய். ஸ்பூன் கிடையாது. அந்தத் துண்டை முதலில் தொட்டுச் சாப்பிட வேண்டும், பிறகு மேலிருந்து கீழாகச் சுவரைப் பிய்த்துக்கொண்டே வர வேண்டும். நான் அவசரப்பட்டு அடியில் கை வைத்தேன். குழம்பு முழுவதும் மடியில். எங்கள் ஊரிலும் கையால் சாப்பிடுவோம் என்று சொல்லிக்கொண்டே பிலிப்பைன்ஸ்காரி மட்டும் ஒரு சொட்டுச் சிந்தாமல் முடித்துவிட்டாள்.

மட்டன் குழம்பில் கறிவேப்பிலையும் பெரிய உருளைக்கிழங்குத் துண்டும் கிடந்தன. அம்மா வைக்கிற குழம்பு இல்லை, ஆனால் அம்மா வைக்கிற குழம்புக்குச் சொந்தக்காரக் குழம்பு.

கல்லாவில் எழுபது வயதுக்கு மேல் இருக்கும் ஒரு ஆன்ட்டி. பில்லில் கடையின் பெயர் தமிழ்ப் பெயராக இருந்தது. சந்தோஷத்தில் தமிழிலேயே பேசினேன். அவர் ஆங்கிலத்தில் பதில் சொன்னார். "தமிழ் ஆளா இருந்துக்கிட்டுத் தமிழ் தெரியாதா?" என்று சிரித்தேன். கேலியாகச் சொல்லவில்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. "இந்தியாவிலிருந்து வருகிறவர்கள் முதலில் இப்படித்தான் சிரிப்பார்கள்," என்றார். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் மட்டும். பிழைப்புக்கு அதுதான் உதவும் என்று அப்பா வீட்டிலும் அதையே பேசச் சொன்னார். பாட்டிக்கோ தமிழ்தான். பாட்டி படுத்த படுக்கையாக இருந்தபோது இவரிடம் ஏதோ கேட்டார்களாம். "எனக்குப் புரிந்தது. பதில் சொல்லத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டேன்," என்றார்.

எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறதி நோய் வந்த முதியவர்கள் பின்னால் கற்ற மொழியை மறந்து, சின்ன வயது மொழிக்கே திரும்பிவிடுவதை வார்டில் பார்த்திருக்கிறேன். பதில் சொல்ல முடியாமல் கட்டிலருகே நிற்கும் பேரப்பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன்.

1860 நவம்பர் 16ஆம் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' என்ற கப்பல் இதே டர்பனில் வந்து நின்றது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அதில் இருந்தார்கள். 1911 வரை ஏறக்குறைய 1,50,000 பேர் இந்தியாவிலிருந்து அப்படி வந்தார்கள். அதில் தமிழர் ஏராளம். பின்னாளில் நிறவெறிச் சட்டங்கள். கறுப்பின மக்கள் கடைக்குள் உட்கார்ந்து சாப்பிட முடியாத காலத்தில், தட்டுக்குப் பதிலாக பிரெட்டிலேயே குழம்பை ஊற்றிக் கையில் கொடுத்ததால் பன்னி சௌ பரவியது என்று அங்கே சொல்கிறார்கள். இத்தனையையும் தாண்டி வந்த குடும்பத்துப் பெண்ணிடம், ஒரு வாரம் சுற்றிப் பார்க்க வந்த நான் மொழிப் பரீட்சை வைத்தேன். "ஸாரி ஆன்ட்டி" என்றேன். அவர் இன்னும் கொஞ்சம் குழம்பு கொண்டு வந்து ஊற்றினார்.

ஆனால் அந்தச் சிரிப்பு எனக்குப் புதிதல்ல. சில மாதங்களுக்கு முன், நம் வாலிபர் கூடுகையில் ஒரு தங்கை தமிழ் வாசிக்கத் திணறி, ஆங்கில எழுத்தில் எழுதித் தர முடியுமா என்று கேட்டாள். "இத்தனை வருஷமா என்ன படிச்ச?" என்று எல்லாருக்கும் முன்னால் சிரித்தேன். அதன்பின் அவள் வரவில்லை. பரீட்சை நேரமாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஊர் திரும்பியதும் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லக்கா," என்றாள். வருவேன் என்றும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. அவளுக்குப் பெரிய எழுத்தில் முதல் பாடத்தை எழுதி வைத்திருக்கிறேன். பக்கத்தில் உட்கார்ந்து சேர்ந்து வாசிக்கலாம் என்று ஆசை.

தமிழ் நன்றாகத் தெரிந்த தம்பி தங்கைகளே, இந்தப் பக்கத்தை வாசிக்கத் தெரியாத ஒருவருக்கு நீங்கள் வாசித்துக் காட்டுங்கள். தடுமாறினால் காத்திருங்கள். சிரிக்காதீர்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.

உங்கள் நர்ஸ் அக்கா