சிட்னியிலிருந்து சான்டியாகோ எவ்வளவு தூரம்? தட்டைப் பூமிக்காரர்கள் பதில் சொல்லட்டும்



போன வாரம் நம் பழைய மாணவர் குழுவில் ஒரு வீடியோ வந்தது. பூமி தட்டையாம். உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் ஏமாற்று வேலையாம். அனுப்பியவன் என்னிடம் புவியியல் படித்தவன். பெயர் சொல்ல மாட்டேன். அதற்குக் கீழே பதினோரு பேர் கைதட்டியிருந்தீர்கள். "சும்மா விளையாட்டுக்குத்தான் சார்" என்றான் ஒருவன். அவனுடைய மகள் அதைப் பார்த்துவிட்டு, "அப்போ பாடப்புத்தகம் பொய்யாப்பா?" என்று கேட்டிருக்கிறாள். இதுவா விளையாட்டு?

விண்வெளிப் படத்தைக் காட்டினால் கிராபிக்ஸ் என்பீர்கள். அது வேண்டாம். ஒரு விமான டிக்கெட்டை வைத்தே பேசுவோம்.

ஆஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து சிலி நாட்டின் சான்டியாகோவுக்குக் குவாண்டாஸ் விமானம் எங்கும் இறங்காமல் போகிறது. தூரம் சுமார் 11,350 கி.மீ. நேரம் சுமார் பன்னிரண்டரை மணி. வகுத்துப் பாருங்கள்: மணிக்கு 900 கி.மீ. சொச்சம். பெரிய பயணிகள் விமானத்தின் வழக்கமான வேகம் அதுதான். திரும்பும்போது எதிர்க்காற்று என்பதால் நேரம் கொஞ்சம் கூடும்.

இப்போது தட்டைப் பூமி வரைபடத்துக்கு வாருங்கள். நடுவில் வட துருவம், ஓரத்தில் பனிச்சுவராக அண்டார்டிக்கா. இரண்டு ஊர்களும் தென் அட்சம் 33, 34 பாகையில் இருக்கின்றன. ஒரு பாகைக்கு 111 கி.மீ. என்றால், வட துருவத்திலிருந்து ஒவ்வொன்றும் ஏறக்குறைய 13,700 கி.மீ. இரண்டுக்கும் இடையே தீர்க்கரேகை வித்தியாசம் 138 பாகை. முக்கோணம் போட்டால் நேர்கோட்டுத் தூரம் 25,000 கி.மீ.க்கு மேல் வருகிறது. பன்னிரண்டரை மணியில் போய்ச் சேர மணிக்கு 2,000 கி.மீ. வேகம் வேண்டும். அந்த வேகத்தில் பறந்த கான்கார்ட், என்னைப் போலவே ஓய்வுபெற்றாயிற்று, 2003-இல்!

"ரகசியமாக அமெரிக்கா வழியாகப் போகிறது சார்" என்று ஒரு பதில் வரும். சிட்னியிலிருந்து லாஸ் ஏஞ்சல்ஸ் மட்டுமே 12,000 கி.மீ. சான்டியாகோவில் பயணி பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே வரும் நேரத்தில், உங்கள் ரகசிய விமானம் பசிபிக்கையே தாண்டியிருக்காது.

கோபம் உங்கள் மேல் மட்டுமல்ல, என் மேலும்தான். உலக வரைபடத்தைச் சுவரில் மாட்டினேன், அட்சம் தீர்க்கம் மனப்பாடம் செய்யச் சொன்னேன், மதிப்பெண் போட்டேன். உலக உருண்டை பீரோவுக்குள் பூட்டியே கிடந்தது, உடைந்துவிடுமாம்! ஒரு நூலைக் கையில் கொடுத்து அளந்து பார்க்கச் சொல்லியிருந்தால், இந்த வீடியோ உங்களிடம் எடுபட்டிருக்காது.

இப்போது சொல்கிறேன். வீட்டுக்கு ஓர் உலக உருண்டை வாங்குங்கள். பூமத்திய ரேகையைச் சுற்றி ஒரு நூலைப் பிடியுங்கள். அது 40,000 கி.மீ. பிறகு சிட்னிக்கும் சான்டியாகோவுக்கும் இடையே நூலை இழுத்துக் கட்டுங்கள். கால் பங்குக்குச் சற்றே கூடுதலாக வரும். நூல் அண்டார்டிக்கா பக்கம் வளைந்து போவதையும் பிள்ளைகள் பார்க்கட்டும்.

அளக்கும்போது நூலைப் பிள்ளைகள் கையில் கொடுங்கள். நான் செய்யத் தவறியதை நீங்களாவது செய்யுங்கள்.

அன்புடன்,
உங்கள் புவியியல் வாத்தியார்